தாவும் கேட்வே: கோளாறை எங்கே தேடுவது?

ஒரு வி-லேனில் உள்ள கணினி, பிரிண்டர், கேமரா எல்லாமே தங்கள் எல்லையைத் தாண்டிப் போக ஒரே ஒரு ஐ.பி. முகவரியைத்தான் நம்பியிருக்கின்றன. அதுதான் டீஃபால்ட் கேட்வே. அது பதில் சொல்லாமல் போனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், இணைய இணைப்பும் உயிரோடு இருக்கும், ஆனால் யாருக்கும் எதுவும் வேலை செய்யாது. இந்த ஆபத்தைப் போக்கத்தான் இரண்டு சுவிட்சுகளைச் சேர்த்து ஒரே கேட்வேயாகக் காட்டும் நெறிமுறைகள் வந்தன. முப்பது ஆண்டாக அவை புழக்கத்தில் இருக்கின்றன. இன்றும் நெட்வொர்க் பொறியாளர்களிடம் ஓயாமல் வரும் புகார்களில் ஒன்று, கேட்வே நிலையாக நிற்காமல் இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே மாறிமாறித் தாவுகிறது என்பது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்வே தாவும்போது குற்றம் பெரும்பாலும் கேட்வே நெறிமுறையின் மேல் இருப்பதில்லை. ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டிய ஹலோ பாக்கெட் வழியில் எங்கோ தொலைகிறது. நெறிமுறை தன் விதிப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஹலோ எங்கே தொலைந்தது என்று தேடாமல் டைமரைக் கூட்டிக் குறைத்து ‘சரிசெய்யும்’ பழக்கம் கோளாறை ஒளித்துவைக்கிறது.

எங்கிருந்து வந்தது

கேட்வே விழுந்தால் மாற்று வேண்டும் என்ற தேவைக்கு முதலில் வந்த விடைகள் பொறுப்பைக் கணினியின் தலையில் வைத்தன. 1991-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1256-ன்படி ரௌட்டர்கள் ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். கணினிகள் அதைக் கேட்டுத் தங்கள் கேட்வேயைத் தேர்ந்துகொள்ளவேண்டும். எல்லாக் கணினியும் இதைக் கேட்கவில்லை. கேட்டவையும் மாறுவதற்கு நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டன. அதனால் கணினிக்கே தெரியாமல் ரௌட்டர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வது மேல் என்ற எண்ணம் வலுத்தது. சிஸ்கோவின் எச்.எஸ்.ஆர்.பி. அப்படிப் பிறந்தது, 1998 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2281-ஆக அச்சேறியது. அடுத்த மாதமே பொதுத் தரமான வி.ஆர்.ஆர்.பி. ஆர்.எஃப்.சி. 2338-ஆக வந்தது. அது 2004, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு இப்போது ஆர்.எஃப்.சி. 9568-ல் நிற்கிறது.

வி.ஆர்.ஆர்.பி.யில் தனக்குக் காப்புரிமை உண்டு என்று சிஸ்கோ சொன்னதால் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் சி.ஏ.ஆர்.பி. என்று தனியாக ஒன்றை எழுதி 2004-ல் தங்கள் 3.5-ஆம் பதிப்போடு வெளியிட்டார்கள். இந்தப் பழங்கதை இன்றைய பொறியாளருக்கும் தேவை. சி.ஏ.ஆர்.பி.யும் வி.ஆர்.ஆர்.பி.யும் ஒரே நெறிமுறை எண்ணைத்தான் (112) பயன்படுத்துகின்றன. மெய்நிகர் மேக் முகவரியையும் ஒரே வரிசையிலிருந்து எடுக்கின்றன. ஒரே வி-லேனில் ஃபயர்வால் ஜோடி ஒன்று சி.ஏ.ஆர்.பி.யிலும் சுவிட்ச் ஜோடி ஒன்று வி.ஆர்.ஆர்.பி.யிலும் ஒரே குழு எண்ணோடு ஓடினால், இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி அமைந்துவிடும். போர்ட் விட்டுப் போர்ட் தாவும் மேக் முகவரிக்குக் காரணம் தேடிப் பல மணி நேரம் அலைபவர்கள் இந்த ஒன்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். ஒரு சுவிட்ச் ஆக்டிவ், மற்றது ஸ்டாண்ட்பை. ஆக்டிவ் குறிப்பிட்ட இடைவெளியில் ஹலோ அனுப்பும். எச்.எஸ்.ஆர்.பி.யில் இயல்பாக 3 நொடிக்கு ஒரு ஹலோ. 10 நொடி ஹலோ வராவிட்டால் ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கும். வி.ஆர்.ஆர்.பி.யில் 1 நொடிக்கு ஒன்று; காத்திருக்கும் நேரம் அதன் மூன்று மடங்கும், பிரையாரிட்டியைப் பொறுத்த ஒரு சிறு பின்னமும் சேர்ந்தது. பிரையாரிட்டி 100 என்றால் 156-ஐ 256-ஆல் வகுத்து, மொத்தம் சுமார் 3.6 நொடி. பொறுப்பேற்கும் சுவிட்ச் அதே மெய்நிகர் மேக் முகவரியிலிருந்து யாரும் கேட்காமலே ஒரு ஏ.ஆர்.பி. அனுப்பும். இடையில் உள்ள சுவிட்சுகள் அந்த மேக் இனி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். கணினியின் ஏ.ஆர்.பி. அட்டவணையில் ஒரு எழுத்தும் மாறவேண்டியதில்லை. முப்பது ஆண்டாக இந்த நெறிமுறைகள் நிலைத்ததற்கு இந்த அழகுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

லாக் சொல்வது

தாவுகிறது என்று தெரிந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, இரண்டு சுவிட்சுகளின் லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. இரண்டின் கடிகாரமும் என்.டி.பி.யால் ஒத்திருக்கவேண்டும், லாக்கில் மில்லிநொடி பதிவாகவேண்டும். இல்லாவிட்டால் எது முதலில் நடந்தது என்று ஒருபோதும் சொல்லமுடியாது. எச்.எஸ்.ஆர்.பி.யை எடுத்துக்கொண்டால் நான்கு விதமான கோலங்கள் தெரியும்.

ஸ்டாண்ட்பை சுவிட்சின் லாக்கில் மட்டும் ‘ஸ்டாண்ட்பையிலிருந்து ஆக்டிவ்’ என்றும், உடனேயோ சில நொடிகளிலோ ‘ஆக்டிவிலிருந்து ஸ்பீக்’ என்றும் வரிகள் இருந்து, ஆக்டிவ் சுவிட்சின் லாக் மௌனமாக இருந்தால், ஆக்டிவ் அனுப்பிய ஹலோ ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரவில்லை. ஆக்டிவுக்குத் தன் பதவி பறிபோனதே தெரியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து தன்னைவிடக் குறைந்த பிரையாரிட்டியோடு ஒரு ‘ஆக்டிவ்’ குரல் வந்ததும் உடனே தன் ஹலோவை அனுப்பும். அது போய்ச் சேர்ந்தால் மற்றது பின்வாங்கும். இந்தக் கோலத்தைப் பார்த்தால் பிரையாரிட்டியையும் டைமரையும் தொடாதீர்கள். கோளாறு பாதையில், அல்லது ஆக்டிவின் சி.பி.யூ.வில் இருக்கிறது.

இரண்டு லாக்கிலும் ஒரே நேரத்தில் மாற்றம் பதிவாகியிருந்தால் கதை வேறு. ஒன்று தானாகப் பதவி இறங்கி மற்றது ஏறியிருக்கிறது. பிரையாரிட்டி மாறியிருக்கிறது என்று அர்த்தம். தேடவேண்டிய இடம் டிராக்கிங், அதாவது வெளி இணைப்பைக் கண்காணித்துப் பிரையாரிட்டியைக் குறைக்கும் ஏற்பாடு. ஆக்டிவ் நேராக ‘இனிட்’ நிலைக்குப் போயிருந்தால் அந்த வி-லேனின் இன்டர்ஃபேஸே விழுந்திருக்கிறது. நான்காவது கோலம்தான் மோசமானது: இரண்டும் ஆக்டிவ், இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கவே இல்லை.

லாக்கைப் பத்து நிமிடம் இப்படிப் படித்தால் தேடவேண்டிய பரப்பு கால்வாசியாகக் குறைந்துவிடும். இதைச் செய்யாமல் கான்ஃபிகரேஷனைத் திறப்பவர்களே அதிகம் என்பது வருத்தமான உண்மை.

ஹலோ தொலையும் இடங்கள்

முதல் சந்தேகம் எப்போதும் இரண்டாம் அடுக்கின்மேல் விழவேண்டும். பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் தடையிலிருந்து விடுபட்டு டேட்டாவை அனுப்பத் தொடங்க 15-ம் 15-ம் சேர்ந்து 30 நொடி ஆகும். பழைய தகவல் காலாவதியாகக் காத்திருக்கவேண்டிய சூழலில் 50 நொடிவரை போகும். எச்.எஸ்.ஆர்.பி.யின் பொறுமை 10 நொடி. வி.ஆர்.ஆர்.பி.யின் பொறுமை நான்கு நொடிகூட இல்லை. ஆக, ஹலோ போகும் பாதையில் ஸ்பானிங் ட்ரீ ஒருமுறை புரண்டு படுத்தாலே கேட்வே தாவிவிடும். 2001-ல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ இதைப் பெரிதும் குறைத்தது. ஆனாலும் எங்கோ ஒரு மூலையில் பழைய முறையில் ஓடும் ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பகுதி மெதுவாகவே நகரும். யாரும் திட்டமிடாததால் மாடிப்படி அடியில் கிடக்கும் பழைய சுவிட்ச் ஒன்று ரூட் ஆகியிருக்கும். எந்த வி-லேனுக்கு எந்தச் சுவிட்ச் ஆக்டிவோ, அதே சுவிட்ச் அந்த வி-லேனின் ஸ்பானிங் ட்ரீ ரூட்டாகவும் இருக்கவேண்டும் என்பது பழைய விதி. இன்றும் செல்லும் விதி.

இரண்டாம் அடுக்கைப் பெரிதாக வளரவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நடந்தது நிரந்தரச் சாட்சி. பல ஆண்டாகச் சுவிட்சோடு சுவிட்சாக ஒட்டி வளர்ந்த நெட்வொர்க் அது. ஸ்பானிங் ட்ரீக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு ஹாப் எல்லையைத் தாண்டியிருந்தது. பெரும் டேட்டா வெள்ளம் வந்தபோது ஸ்பானிங் ட்ரீயால் ஈடுகொடுக்க முடியவில்லை. லூப் உண்டாகி நெட்வொர்க் நாட்கணக்கில் முடங்கியது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா எதையும் மறைக்காமல் நடந்ததைப் பொதுவெளியில் விளக்கினார். அந்த நேர்மைக்காக இத்துறை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அங்கே கருவிகளுக்கும் மாற்றுப் பாதைகளுக்கும் பஞ்சமில்லை. அந்த மாற்றுப் பாதைகளைக் கட்டுப்படுத்தவேண்டிய அடுக்கு சரிந்ததும் மிகுதியாக இருந்த பாதைகளே வெள்ளத்தைச் சுற்றவிட்டன.

ஸ்பானிங் ட்ரீ அமைதியாக இருக்கிறதா? அடுத்து இணைப்பைப் பாருங்கள். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே பல கேபிள்களைச் சேர்த்து ஒரே போர்ட்-சேனலாகக் கட்டியிருப்போம். அதில் ஒரு கேபிளின் ஆப்டிக் மட்டும் பழுதாகி அவ்வப்போது பாக்கெட்டை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போகவேண்டும் என்பதை அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைக் கொண்டு ஒரு கணக்கு முடிவுசெய்கிறது. ஹலோவின் முகவரிகள் மாறுவதே இல்லை. ஆகவே அது ஒவ்வொரு முறையும் அதே பழுதான கேபிளில்தான் போகும். பொறியாளர் பிங் போட்டுப் பார்ப்பார். பிங் வேறு கேபிளில் போகும், நூற்றுக்கு நூறு வெற்றி. வி-லேன் 10 தாவும், வி-லேன் 20 அசையாது. ‘இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். போர்ட்-சேனலின் மொத்தக் கணக்கைப் பார்க்காமல் ஒவ்வொரு உறுப்புக் கேபிளின் பிழை எண்ணிக்கையையும் ஒளி அளவையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இது அகப்படும். ஃபைபரின் ஒரு இழை மட்டும் செத்து, ஒரு திசை மட்டும் உயிரோடு இருக்கும் நிலையும் இதற்கு உறவு. அதைக் கண்டுபிடிக்க யு.டி.எல்.டி. உதவும்.

ட்ரங்கில் அந்த வி-லேன் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் இரு முனையிலும் பார்க்கவேண்டும். புதிய வி-லேனைச் சேர்க்கும்போது ஒருபக்கம் மறந்துபோவது சாதாரணம். இரண்டும் ஆக்டிவாக நிற்கும் கோளாறுகளில் கணிசமானவை இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். எச்.எஸ்.ஆர்.பி.யின் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் வெவ்வேறு மல்டிகாஸ்ட் முகவரிகளில் பேசுவதால், ஒருபக்கம் மட்டும் பதிப்பை மாற்றினாலும் இதே நிலை. வி.ஆர்.ஆர்.பி.யின் இரண்டாம் பதிப்பில் இரு பக்க இடைவெளியும் ஒத்துப்போகாவிட்டால் வரும் பாக்கெட் தூக்கி எறியப்படும். மூன்றாம் பதிப்பில் காத்திருப்பவர் ஆக்டிவின் இடைவெளியைக் கற்றுக்கொள்கிறார்.

மெய்நிகர்க் கணினிகளில் ஓடும் ரௌட்டர்களுக்குத் தனிச் சிக்கல். வி.எம்.வேர் சுவிட்சில், ஒரு கணினி தனக்குக் கொடுக்கப்படாத மேக் முகவரியிலிருந்து அனுப்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு விதி உண்டு. மெய்நிகர் மேக் என்பதே கொடுக்கப்படாத முகவரிதான். லினக்ஸில் வி.ஆர்.ஆர்.பி.க்காகக் கீப்அலைவ்டி போட்டவர்கள் ஃபயர்வாலில் நெறிமுறை எண் 112-ஐத் திறக்க மறப்பதும் அடிக்கடி நடப்பது.

சுவிட்சுக்கு மூச்சுத் திணறும்போது

ஹலோ பெரும்பாலான கருவிகளில் சி.பி.யூ.வில் பிறக்கிறது. லட்சக்கணக்கான பாக்கெட்டுகளைத் தனிச் சிப் அனாயாசமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் ஹலோவை எழுதவேண்டிய சி.பி.யூ. வேறு எதிலோ மாட்டிக்கொண்டிருக்கும். பிராட்காஸ்ட் வெள்ளம், யாரோ ஓடவிட்டு நிறுத்த மறந்த டீபக், கண்காணிப்பு மென்பொருள் அட்டவணை முழுவதையும் வாரி எடுப்பது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தாவல் ஒவ்வொரு மணிக்கும் ஐந்தாம் நிமிடம் நடக்கிறது என்றால் அட்டவணையிட்ட வேலை ஒன்றுதான் குற்றவாளி.

வேகமான டைமர் மீது எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணமும் இதுதான். 200 வி-லேன் உள்ள சுவிட்சில் 3 நொடிக்கு ஒன்று என்றால் நொடிக்குச் சுமார் 67 ஹலோ. 250 மில்லிநொடிக்கு ஒன்று என்று மாற்றினால் நொடிக்கு 800 அனுப்பவேண்டும். எதிர்ப்பக்கத்து 800-ஐயும் படிக்கவேண்டும். சி.பி.யூ. முக்கால் நொடி திணறினால் போதும், 200 வி-லேனும் ஒன்றாகத் தாவும். தாவலே புதிய சுமையைக் கொண்டுவரும். அது அடுத்த தாவலுக்கு வழிசெய்யும். நொடிக்குக் குறைவான மாற்றம் உண்மையிலேயே வேண்டுமானால், அதைச் சிப்பிலேயே செய்யும் பி.எஃப்.டி. உள்ள கருவியை வாங்கவேண்டும். ஹலோவின் கழுத்தை நெரிப்பது வழியல்ல.

தானாக இழுத்துப்போடும் வினை

இரண்டு லாக்கிலும் மாற்றம் பதிவாகும் கோலத்துக்கு வருவோம். ஆக்டிவ் சுவிட்ச் தன் வெளி இணைப்பைக் கண்காணிக்கிறது. அது விழுந்தால் தன் பிரையாரிட்டியைக் குறைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தொலைவில் உள்ள ஒரு முகவரிக்குப் பிங் போட்டு, ஒரே ஒரு பதில் தவறினாலும் ‘விழுந்தது’ என்று முடிவுகட்டும்படி அமைத்திருந்தால், வெளி இணைப்பின் சின்னச் சின்ன நடுக்கம் எல்லாம் உள்ளே கேட்வே தாவலாக மாறும். விழுந்தது என்று நம்பச் சில நொடி, எழுந்தது என்று நம்ப அதைவிட நீண்ட நேரம் என்று தாமதம் வைக்கவேண்டும். எண்ணிலும் கவனம் வேண்டும். ஆக்டிவ் 110, ஸ்டாண்ட்பை 100, குறைப்பு 10 என்று பலரும் போடுகிறார்கள். குறைந்தால் இரண்டும் 100-ல் சமமாகிவிடும். மாறவேண்டிய நேரத்தில் தெளிவான முடிவு வராது. குறைப்பை 20 ஆக்குங்கள்.

பழைய ஆக்டிவ் திரும்பி வந்ததும் பதவியைப் பிடுங்கிக்கொள்ளும் ‘ப்ரீஎம்ப்ட்’ பற்றி இத்துறையில் இரு கட்சி உண்டு. எச்.எஸ்.ஆர்.பி.யில் அது இயல்பாக அணைந்திருக்கும், வி.ஆர்.ஆர்.பி.யில் இயல்பாக எரிந்துகொண்டிருக்கும். ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இந்த வேறுபாட்டில் இடறுகிறார்கள். மறுதொடக்கமான சுவிட்ச், ஓ.எஸ்.பி.எஃப். அண்டை உறவுகளும் பி.ஜி.பி. பாதைகளும் வந்து சேருவதற்கு முன்பே கேட்வே பொறுப்பைப் பிடுங்கினால், உள்ளிருந்து வரும் எல்லாப் பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கீழே போடும். பாதி செத்த சுவிட்ச் திரும்பத் திரும்ப மறுதொடக்கமானால் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். என் தீர்ப்பு: போக்குவரத்தை இரண்டு சுவிட்சுக்கும் பங்கிட்டிருந்தால் ப்ரீஎம்ப்ட் வேண்டும், ஆனால் சில நிமிடத் தாமதத்தோடு. மற்ற இடங்களில் வேண்டாம். பகலில் ஒருவர் உட்கார்ந்து கையால் மாற்றட்டும்.

கேட்வே தாவாமலே தாவியதுபோலத் தோன்றும் ஒரு நோயும் உண்டு. சிஸ்கோ ரௌட்டரின் ஏ.ஆர்.பி. நினைவு 4 மணி நேரம் இருக்கும். சுவிட்சின் மேக் நினைவு 5 நிமிடம்தான். போகும் பாதை ஒரு சுவிட்ச் வழியாகவும் வரும் பாதை மற்றதன் வழியாகவும் அமைந்தால், ஒரு சுவிட்ச் அந்தக் கணினியின் மேக்கை மறந்துவிட்டு எல்லாப் போர்ட்டிலும் பாக்கெட்டைக் கொட்டும். பயனர் ‘நெட்வொர்க் விட்டுவிட்டு வருகிறது’ என்பார். இரண்டு நேரங்களையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்தால் தீரும்.

தாவலே இல்லாத கேட்வே

எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு மாறவேண்டும் என்ற கேள்வி கேட்வேக்கு வெளியேயும் நீள்கிறது. 2012 டிசம்பரில் கிட்ஹப் நிறுவனத்தின் சுவிட்ச் ஜோடி ஒன்றில் பராமரிப்பின்போது மாற்றம் சரியாக நடக்காமல் நெட்வொர்க் சுமார் ஒன்றரை நிமிடம் உறைந்தது. அதற்குள் ஜோடி ஜோடியாக இருந்த ஃபைல் சர்வர்கள், எதிர்ப்பக்கம் செத்துவிட்டது என்று ஒன்றையொன்று அணைக்கப் பார்த்தன. 2018 அக்டோபரில் அதே நிறுவனத்தில் 43 நொடி இணைப்பு அறுந்தது. டேட்டாபேஸ்கள் தானாக இடம் மாறின. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. கீழே ஒரு அடுக்கு எவ்வளவு நேரம் உறையக்கூடும் என்பதை அளந்து அதைவிட அதிகப் பொறுமையை மேலடுக்குக்குக் கொடுக்கவேண்டும் என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. கேட்வேக்கும் ஸ்பானிங் ட்ரீக்கும் இடையே உள்ள உறவு இதேதான்.

புதிய டேட்டா சென்டர்கள் ஆக்டிவ் யார் என்ற தேர்தலையே ஒழித்துவிட்டன. வி.எக்ஸ்.லேன், இ.வி.பி.என். கொண்டு கட்டும் நெட்வொர்க்கில் ஒவ்வொரு லீஃப் சுவிட்சும் அதே கேட்வே ஐ.பி.யையும் அதே மேக்கையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும். ஹலோ இல்லை, ஸ்டாண்ட்பை இல்லை. தாவுவதற்கு எதுவும் இல்லை. புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதுவே சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இரண்டாம் அடுக்கின் லூப் இங்கும் மறைந்துவிடாது; கணினிகளின் மேக் முகவரிகள் லீஃப் விட்டு லீஃப் தாவுவதாகத் தலைகாட்டும். அதனால்தான் 2015-ல் வந்த ஆர்.எஃப்.சி. 7432, ஒரு மேக் 180 நொடியில் 5 முறை இடம் மாறினால் அதை இரட்டைப் பதிவு என்று கருதச் சொல்கிறது.

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, ஆலை என்று பெரும்பாலான இடங்களில் இரண்டு சுவிட்சும் ஒரு எச்.எஸ்.ஆர்.பி. அல்லது வி.ஆர்.ஆர்.பி.யும்தான் இன்னும் பல ஆண்டு ஓடப்போகின்றன. அவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பராமரிப்பு நேரத்தில் ஒரு கணினியிலிருந்து நொடிக்குப் பத்துப் பிங் ஓடவிட்டு, ஆக்டிவ் சுவிட்சின் வெளி இணைப்பை ஒருமுறை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பை ஒருமுறை, மின்சாரத்தை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். தொலைந்த பிங்குகளைப் பத்தால் வகுத்தால் எத்தனை நொடி என்று கிடைத்துவிடும். பழைய சுவிட்ச் திரும்பி வரும்போது தொலைவதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் அளக்காமல் விடுவது அதைத்தான். இந்த எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்தமுறை கேட்வே தாவுகிறது என்று தொலைபேசி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒன்று இருக்கும்.